பழைய விஷுவல் பேசிக் மென்பொருளைக் கிளவுட் ஃபங்ஷனுக்கு மாற்றுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

கல்முனையிலோ ஏறாவூரிலோ ஒரு நெல் ஆலைக்கோ உரக்கடைக்கோ போனால், மேசையில் ஒரு பழைய கணினியும் அதில் சாம்பல் நிறத் திரையோடு ஒரு பில் மென்பொருளும் ஓடிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6 என்ற ப்ரோகிராம் மொழியில் எழுதியது, பின்னால் தரவை வைத்திருக்கும் ஒரு அக்சஸ் ஃபைல். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998 இல். அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2008 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஆனால் அதில் செய்த ப்ரோகிராம் விண்டோஸ் 11 இலும் ஓடுகிறது. ஓடுவதால் யாரும் தொடவில்லை.

இப்போது கடைக்காரருக்குப் புதுத் தேவைகள் வந்துவிட்டன. இரண்டாவது கிளை திறந்திருக்கிறார். நெல் கொடுத்த விவசாயிக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். கொழும்பில் இருந்தாலும் அன்றைய கணக்கைக் கைபேசியில் பார்க்க வேண்டும். ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ கணினி படித்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கிளவுட்டுக்கு மாத்தித் தாங்க. மறுகா கணக்கு மட்டும் பிழைக்கக் கூடா" என்கிறார். கிளவுட் என்றால் பெரிய நிறுவனங்கள் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கணினிகள். அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு மென்பொருளையும் ஒரே மூச்சில் திரும்ப எழுத இறங்காதீர்கள். அதற்குள் பல வருடமாகச் சரியாக ஓடிவரும் கணக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பழையதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போன பிறகு மட்டும் மேலே ஏற்றுங்கள். அதுவரை பழைய மென்பொருள் அதன் பாட்டில் ஓடட்டும்.

சேர்வர்லெஸ் என்றால் என்ன

சேர்வர் இல்லாமல் எதுவும் ஓடாது. அதை வாங்குவது, அப்டேட் போடுவது, நடு இரவில் விழுந்தால் எழுப்புவது எல்லாவற்றையும் அமேசானோ மைக்ரோசொஃப்டோ கூகுளோ பார்த்துக்கொள்ளும். நாம் ஒரு சின்ன ஃபங்ஷனை, அதாவது ஒரே ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டை, எழுதிக் கொடுக்கிறோம். அழைப்பு வந்தால் அது விழித்து, வேலையை முடித்து, அடங்கிவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. அம்பாறைப் பக்கம் வெட்டு மெஷினைக் கூலிக்குப் பிடிப்பதுபோல: வயல் விளைந்த அன்றைக்குத்தான் அது வேண்டும், வருடம் முழுக்க முற்றத்தில் நிறுத்தி வைக்க யாரும் வாங்குவதில்லை. இப்படி ஃபங்ஷன் ஓட்டும் சேவைகளில் அமேசான் லாம்டா 2014 இல் அறிமுகமானது, மைக்ரோசொஃப்டின் அஸூர் ஃபங்ஷன்ஸ் 2016 இல்.

வேலையைத் தொடங்குமுன் அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். லாம்டா ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது. அஸூரின் கன்சம்ப்ஷன் திட்டத்தில் சாதாரணமாக 5 நிமிடம், கூட்டி வைத்தாலும் 10. ஃபங்ஷனுக்குத் திரை கிடையாது, பிரிண்டர் கிடையாது, சி டிரைவ் கிடையாது. தற்காலிகமாக எழுத ஒரு ஃபோல்டர் மட்டும் உண்டு, லாம்டாவில் வழமையாக 512 எம்பி. அதில் இன்று எழுதியது நாளைக்கு இருக்கும் என்று நம்ப முடியாது.

தொடுவதற்கு முன்

எதையும் திறக்குமுன் முழு ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு பிரதி எடுங்கள். ஃபோல்டரை மட்டும் கொப்பி பண்ணினால் போதாது. விஷுவல் பேசிக் ப்ரோகிராம் விண்டோஸில் பதிவு செய்த ஓ.சி.எக்ஸ். என்ற துணை ஃபைல்களை நம்பி ஓடுகிறது. அதில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு கணினியில் திறக்காது.

அடுத்து மூலக் கோடைத் தேடுங்கள். கிடைத்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அதை ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) கம்பைல் பண்ணி, அதாவது ஓடும் ப்ரோகிராமாக்கி, கடையில் ஓடும் ப்ரோகிராமோடு திரைக்குத் திரை ஒப்பிடுங்கள். கையில் கிடைத்தது பழைய பதிப்பாகவும், கடையில் ஓடுவது அதன்பின் திருத்தியதாகவும் இருக்கலாம். எதில் இருந்து தொடங்குகிறோம் என்பது தெளிவானதும் கோடை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் போட்டுவிடுங்கள்.

விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரையும் பாருங்கள். இரவு பத்து மணிக்கு பென் டிரைவுக்கு பேக்கப் எடுக்கும் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் அங்கே ஒளிந்திருக்கலாம். அதைத் தவறவிட்டால், புது ஏற்பாட்டில் பேக்கப் நின்றுபோனது ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் முழுக்கக் காசாளருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் திரையைத் திறக்கிறார், எந்தப் பெட்டியை வெறுமையாக விடுகிறார், எதைப் பக்கத்திலிருக்கும் கொப்பியில் கையால் எழுதுகிறார் என்று பாருங்கள். மெனுவில் இருக்கும் பலவற்றை யாரும் தொடுவதே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். அவற்றை மாற்றத் தேவையில்லை. கொப்பியில் எழுதுவதோ மென்பொருள் செய்யாத வேலை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எது மேலே போகும், எது கடையில் இருக்கும்

தராசில் இருந்து சீரியல் போர்ட் வழியாக நிறையை வாசிப்பது கடையிலேயே இருக்க வேண்டும். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிப்பதும் அப்படித்தான். கல்லாப்பெட்டியைத் திறப்பதும். இவற்றைக் கிளவுட்டுக்குக் கொண்டுபோக முயல்வது வீண் வேலை.

எஸ்.எம்.எஸ். அனுப்புவது, கைபேசியில் கடன் மீதி பார்ப்பது, மாத அறிக்கை, இரவு பேக்கப், கிளைகளின் கணக்கை ஒன்று சேர்ப்பது: இவையெல்லாம் ஃபங்ஷனுக்குப் பொருத்தமானவை. எப்போதாவது ஓடி, சீக்கிரம் முடிந்துவிடும்.

முதல் வேலையாக, தரவை வாசிக்க மட்டும் செய்யும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அன்றாடச் சுருக்கம் நல்ல தெரிவு: இரவு எட்டு மணிக்கு அன்றைய கொள்முதல், விற்பனை, வரவேண்டிய கடன் மூன்றையும் முதலாளியின் கைபேசிக்கு அனுப்புவது. அது பிழைத்தாலும் ஒரு விவசாயியின் கணக்கிலும் ஒரு சதம் மாறாது.

பட்டனுக்குள் இருந்து கணக்கை எடுப்பது

இந்த வேலையின் நடுநாடி இதுதான், அவசரப்படக் கூடாது. பழைய மென்பொருள்களில் கணக்கு தனியாக இருக்காது. "கணக்கிடு" என்ற பட்டனை அமுக்கினால் ஓடும் கோடுக்குள் எல்லாம் கலந்து கிடக்கும். நெல் கொள்முதல் திரையை எடுத்துக்கொள்வோம். அந்தப் பட்டன் முதலில் மொத்த நிறைப் பெட்டியை வாசிக்கிறது. பிறகு மூடைகளின் எண்ணிக்கையை வாசித்து, சாக்குக்கான நிறையைக் கழிக்கிறது. ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கும் கழிக்கிறது. அன்றைய விலையை ஒரு குளோபல் வேரியபிளில், அதாவது எல்லாத் திரைக்கும் பொதுவான ஒரு சேமிப்பிடத்தில், இருந்து எடுக்கிறது. அந்த வேரியபிளோ காலையில் வேறொரு திரையில் நிரப்பப்பட்டது. இடையில் "ஈரம் கூட, தொடரவா?" என்று ஒரு மெசேஜ் பொக்ஸ். கடைசியில் அக்சஸ் டேபிளில் எழுதி, பில்லையும் அடிக்கிறது.

இதில் கிளவுட்டுக்குப் போக வேண்டியது நடுவிலுள்ள கணக்கு மட்டும். எனவே பழைய மென்பொருளுக்குள்ளேயே, அதே விஷுவல் பேசிக்கிலேயே, அதைத் தனி ஃபங்ஷனாகப் பிரியுங்கள். உள்ளே போவது நிறை, மூடை, ஈரப்பதன், விலை. வெளியே வருவது கழிவு, தேறிய நிறை, தொகை. பெட்டியையும் குளோபலையும் டேபிளையும் அந்த ஃபங்ஷன் தொடக் கூடாது. விலை வேண்டுமென்றால் கூப்பிடுபவர் கொடுக்கட்டும். பிரித்ததைக் கடையில் சில நாட்கள் ஓடவிட்டு, எதுவும் மாறவில்லை என்று உறுதியான பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

மெசேஜ் பொக்ஸை மறக்காமல் எடுத்துவிடுங்கள். கிளவுட்டில் "சரி" என்று அமுக்க ஆள் இல்லை. ஃபங்ஷன் பதிலுக்குக் காத்திருந்தே நேரம் முடிந்து செத்துவிடும். அந்தக் கேள்வியை ஒரு எச்சரிக்கைக் குறியாக விடையோடு சேர்த்து அனுப்புங்கள், கடைத் திரை அதைக் காட்டிக் கேட்கட்டும்.

குளோபல் வேரியபிளைப் பற்றி இன்னும் ஒன்று. கிளவுட்டில் ஒரு ஃபங்ஷன் வேலை முடித்த பிறகு அதே பிரதி அடுத்த அழைப்புக்கும் பயன்படலாம், பயன்படாமலும் போகலாம். குளோபலில் ஒரு விவசாயியின் இலக்கத்தை வைத்தால், அடுத்த ஆளுக்கு முந்திய ஆளின் மீதி போகக்கூடும். உங்கள் லேப்டொப்பில் இது வெளிப்படாது, கடை மும்முரமான நேரத்தில்தான் வெளிப்படும். ஆகவே அழைப்புக்கு அழைப்பு மாறும் எதையும் ஃபங்ஷனுக்கு வெளியே வைக்காதீர்கள்.

பழைய பில்களே பரீட்சை

கடையில் இருக்கும் பழைய பில்களைவிட நல்ல சோதனைத் தரவு எங்கேயும் கிடைக்காது. அக்சஸ் ஃபைலில் இருந்து சில மாதப் பில்களை எடுங்கள். அறுவடைக் காலத்து மாதம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு பில்லின் உள்ளீட்டையும் புது ஃபங்ஷனுக்குக் கொடுத்து, விடையைப் பழைய தொகையோடு சதக் கணக்கில் ஒப்பிடுங்கள். "கிட்டத்தட்ட சரி" என்பது இங்கே செல்லாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு ஆலையில் 14 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் நிறையில் ஒரு சதவீதம் கழிக்கிறார்கள், மேற்பட்ட சதவீதத்தை முழு எண்ணாக்கிக் கழிக்கிறார்கள் என்று வையுங்கள். நெல் 1,250 கிலோ, ஈரம் 16.5. மேற்பட்டது 2.5. விஷுவல் பேசிக்கின் ரவுண்ட் 2.5 ஐ 2 ஆக்கும், ஏனென்றால் சரிபாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். அதே கணக்கை ஜாவாஸ்கிரிப்ட்டின் மாத் ரவுண்டில் போட்டால் 3 வரும். முதலாவதில் கழிவு 25 கிலோ, இரண்டாவதில் 37.5 கிலோ. கிலோ நூறு ரூபாய் என்றால் அந்த விவசாயிக்கு 1,250 ரூபாய் குறையும். மேற்பட்டது 3.5 ஆக இருந்தால் இரண்டும் 4 என்றே சொல்லும். ஆகவே பத்துப் பில்லை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒத்துப்போவதுபோலத் தோன்றலாம். நெல்லைக் கொடுத்தவர் நம்மை நம்பித்தான் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். அவருக்காகவாவது எல்லாப் பில்லையும் ஓட்டிப் பாருங்கள்.

பைதானின் ரவுண்டும் சி ஷார்ப்பின் மாத் ரவுண்டும் சாதாரணமாக விஷுவல் பேசிக்கைப் போலவே இரட்டை எண்ணுக்குத் தள்ளும். எக்செல் 3 என்று சொல்லும். ஆகவே எக்செலில் போட்டுச் சரிபார்க்காதீர்கள்.

காசுக்கும் தனிக் கவனம் வேண்டும். விஷுவல் பேசிக் 6 இல் கரன்சி என்றொரு வகை உண்டு. அது நான்கு தசம இடம்வரை துல்லியமாக வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்ணில் 0.1 உம் 0.2 உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. சி ஷார்ப்பிலும் பைதானிலும் டெசிமல் வகையைப் பாவியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்றால் எல்லாத் தொகையையும் சதமாக்கி முழு எண்ணாக வையுங்கள்.

ஒப்பிடும்போது பழைய மென்பொருளிலேயே பிழை இருப்பது தெரிய வரலாம். அதை நீங்களாகத் திருத்தாதீர்கள். முதலில் பழையது செய்வதை அப்படியே செய்யுங்கள், வேறுபாட்டை எழுதி முதலாளியிடம் காட்டுங்கள். திருத்துவதா, எப்போது திருத்துவது என்பது அவரும் கணக்காளரும் எடுக்க வேண்டிய முடிவு.

எந்த மொழியில்

விஷுவல் பேசிக் 6 ஐ எந்த ஃபங்ஷன் சேவையும் நேரடியாக ஓட்டாது. கோட் அதற்குப் பின்வந்த விபி டொட் நெட்டிலோ சி ஷார்ப்பிலோ இருந்தால், அது பழைய டொட் நெட் ஃபிரேம்வொர்க்கா என்று பாருங்கள். ஃபிரேம்வொர்க் விண்டோஸில் மட்டும் ஓடும், லாம்டா ஓடுவதோ லினக்ஸில். லாம்டாவுக்குப் போவதென்றால் டொட் நெட் 8 போன்ற புதுப் பதிப்புக்கு ஏற்ற வேண்டும். ஏற்ற முடியாத நூலகம் ஏதாவது இருந்தால், அஸூர் ஃபங்ஷன்ஸ் ஃபிரேம்வொர்க் 4.8 ஐயும் விண்டோஸில் ஓட்டும்.

விஷுவல் பேசிக் 6 இல் இருந்து வருவோருக்கு என் யோசனை சி ஷார்ப் அல்லது பைதான். உங்களுக்கு எது நன்றாக வருமோ அது. லினக்ஸில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தரவும் பாமினி எழுத்தும்

அக்சஸ் ஃபைலை அப்படியே கிளவுட்டில் போட்டு ஃபங்ஷனில் இருந்து திறக்க முடியாது. அக்சஸின் எம்.டி.பி. ஃபைலைத் திறக்கும் பழைய ஜெட் டிரைவர் 32 பிட் விண்டோஸ் சமாச்சாரம். அந்த ஃபைலுக்கு 2 ஜிபி எல்லை வேறு. தரவை போஸ்ட்கிரஸ் போன்ற ஒரு டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும்.

நம் பக்கத்துத் தலையிடி இங்கேதான். பல கடைகளில் விவசாயியின் பெயர் தமிழில் இருக்கும், ஆனால் எல்லாக் கைபேசிக்கும் புரியும் பொது எழுத்து முறையான யுனிகோடில் இருக்காது. பாமினியில் அடித்திருப்பார்கள். பாமினி ஃபொன்ட் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அதை அப்படியே எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கந்தசாமி அண்ணனின் கைபேசியில் வெறும் ஆங்கிலக் குப்பை போய் விழும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் சரிவராது. "கொ" வைப் பாருங்கள். பாமினியில் முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பிறகு கால் என்று மூன்று விசை, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில். யுனிகோடில் ககரம் முன்னால், ஒகரக் குறி பின்னால். ஆகவே மாற்றும் கோட் நீளமான சேர்க்கையை முதலில் பிடிக்க வேண்டும்: கொம்பும் எழுத்தும் காலும் சேர்ந்தவை முதலில், கொம்பும் எழுத்தும் அடுத்தது, தனி எழுத்துகள் கடைசியில். ஒழுங்கு மாறினால் "கொ" உடைந்து "கெ" யும் தனிக் காலுமாகிவிடும். மாற்றி முடிந்ததும் எல்லாப் பெயரையும் அச்செடுத்து, கடையில் நீண்ட காலம் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் கண்ணுக்குத் தப்பும் பிழை குறைவு. ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் அதே பெட்டியில் கலந்திருக்கும், அவற்றை மாற்றியில் போட்டால் கெட்டுவிடும். எனவே அவற்றை முதலில் பிரித்தெடுங்கள்.

வேறு சில இடங்களும் உண்டு. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். 2016 முதல் வருவது 12 இலக்கம். பழைய பெட்டியின் அகலம் பத்துதான் என்பதால் புது இலக்கத்தை யாராவது குறிப்புப் பெட்டியில் எழுதியிருப்பார்கள், அங்கேயும் தேடுங்கள். கைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்திருந்தால் முன்னாலுள்ள பூச்சியம் தொலைந்திருக்கும். திகதியை எழுத்தாகச் சேமித்திருந்தால் 05/06 என்பது மே மாதமா ஜூன் மாதமா என்பதைப் பில் இலக்க வரிசையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டேட்டாபேஸ் இணைப்பிலும் ஒரு பொறி உண்டு. கடைக் கணினி ஒரே இணைப்பைக் காலை முதல் மாலை வரை வைத்திருந்தது. கிளவுட்டில் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு பிரதியும் தன் இணைப்பைத் திறக்கும். போஸ்ட்கிரஸின் வழமையான எல்லை 100. ஃபங்ஷனின் ஒரே நேர ஓட்டத்துக்கு ஒரு எல்லை போட்டு வையுங்கள்.

ஐந்தரை மணி நேரம்

கிளவுட்டில் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் கூட. வாழைச்சேனையில் விடியற்காலை 5 மணிக்கு இறங்கும் மீனுக்கு 12ஆம் திகதி பில் போட்டால், பொது நேரத்தில் அப்போது 11ஆம் திகதி இரவு 11:30. பழைய கோடில் "இப்போது" என்று எழுதிய இடமெல்லாம் முந்திய நாளைக் காட்டும். முதலாம் திகதி விடியற்காலை என்றால் முந்திய மாதக் கணக்கிலேயே விழுந்துவிடும்.

நேரத்தைப் பொது நேரத்தில் சேமியுங்கள், நாளையும் மாதத்தையும் பிரிக்கும்போது கொழும்பு நேர வலயத்துக்கு மாற்றிப் பிரியுங்கள். கையால் ஐந்தரையைக் கூட்டிக் கழிக்காமல் நூலகத்தின் நேர வலயத்தைப் பாவியுங்கள். இலங்கை நேரம் 2006 ஏப்ரல் 15 இல்தான் திரும்பவும் ஐந்தரை ஆனது, அதற்கு முன் ஆறு மணி நேர வித்தியாசம். பழைய பதிவுகள் இருக்கும் கடையில் கைக்கணக்கு அரை மணி நேரம் பிசகும். இரவு எட்டு மணிச் சுருக்கத்துக்கு அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெடியூலரில் நேர வலயத்தையே கொடுக்கலாம். அப்படிக் கொடுக்க வசதியில்லாத இடத்தில் பொது நேரப்படி பிற்பகல் 2:30 என்று போடுங்கள்.

லைன் போனால் கடை நிற்கக் கூடாது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் இன்டர்நெட் லைனும் போகும், கைபேசி டவரும் போகும். லொறி வாசலில் நிற்க, "இன்டர்நெட் இல்லை, பில் போட முடியாது" என்று சொல்ல வைக்கும் மென்பொருளை ஒரு கடைக்குக் கொடுப்பது அநியாயம். ஆகவே விதி இது: பில் கடையில் போடப்படும், கடையில் சேமிக்கப்படும், பிறகு மேலே போகும். லைன் இல்லாதபோது கணக்கைப் பழைய மென்பொருளுக்குள் பிரித்து வைத்த அதே ஃபங்ஷன் செய்யட்டும்.

செய்வது கடினமில்லை. கடைக் கணினியில் "அனுப்ப வேண்டியவை" என்று ஒரு டேபிள் வையுங்கள். ஒவ்வொரு பில்லும் அதில் ஒரு வரி: தனி அடையாளம், விபரம், நேரம், போனதா இல்லையா. ஒரு சின்ன ப்ரோகிராம் அவ்வப்போது அதைப் பார்த்து, லைன் இருந்தால் வரிசையாக அனுப்பும். மேலிருந்து "கிடைத்தது" என்று பதில் வந்த பிறகுதான் போனதாகக் குறிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பதில் திரும்பி வருமுன் லைன் போய்விட்டது. கடைக் கணினி அதையே திரும்பவும் அனுப்பும். லாம்டாவைப் பின்னணியில் கூப்பிட்டிருந்தால், பிழை வரும்போது அதுவும் தானாக இன்னும் இரண்டு தடவை முயலும். கவனிக்காவிட்டால் ஒரே பில் இரண்டு தடவை ஏறி, கடன் இரண்டு தடவை கழிந்து, எஸ்.எம்.எஸ். மூன்று தடவை போகும். அதனால் தனி அடையாளத்தைக் கடையிலேயே உருவாக்குங்கள், கிளைக் குறியும் பில் இலக்கமும் சேர்ந்தால் போதும். மேலே டேபிளில் அந்த அடையாளம் ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது என்று யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். "ஏற்கெனவே இருக்கிறதா" என்று கோடில் பார்ப்பது மட்டும் போதாது. ஒரே கணத்தில் இரண்டு பிரதிகள் பார்த்தால் இரண்டுமே "இல்லை" என்று சொல்லும். டேட்டாபேஸ் தடுத்தால்தான் தடுத்தது. இரண்டாவது தடவை வந்தால் பிழை என்று சொல்லாமல் "கிடைத்தது" என்றே பதில் அனுப்புங்கள்.

அனுப்பும் அந்தச் சின்ன ப்ரோகிராமைப் பழைய விஷுவல் பேசிக்கில் எழுத வேண்டாம். இன்றைய கிளவுட் சேவைகள் பாதுகாப்பான இணைப்புக்கு டி.எல்.எஸ். 1.2 என்ற முறையையாவது கேட்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் அது இல்லை. விண்டோஸ் 7 இல் தனி அப்டேட் போட்டு, செட்டிங்கும் மாற்ற வேண்டும். முடிந்தால் விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில், பைதானிலோ சி ஷார்ப்பிலோ எழுதி, பழைய மென்பொருளுக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

காசும் சாவியும்

ஒரு கடை நாளுக்கு 300 பில் போடுகிறது என்று வைத்தால் மாதத்துக்கு 9,000 அழைப்பு. ஒவ்வொன்றும் 256 எம்பி நினைவகத்தில் ஒரு செக்கன் ஓடினால் 2,250 ஜிபி செக்கன் (நினைவக அளவை ஓடிய செக்கனால் பெருக்கி வருவது). லாம்டா மாதத்துக்குப் பத்து இலட்சம் அழைப்பும் 400,000 ஜிபி செக்கனும் இலவசமாகத் தருகிறது. ஆகவே ஃபங்ஷனுக்குக் காசு போகாது. காசு போவது இரவு பகல் விழித்திருக்கும் டேட்டாபேஸுக்கு, எஸ்.எம்.எஸ். ஸுக்கு, காலவரை போடாமல் விட்டால் சேர்ந்துகொண்டே போகும் லொக் பதிவுகளுக்கு. டேட்டாபேஸை மிகச் சிறிய அளவில் தொடங்குங்கள். பில் டொலரில் வரும் என்பதை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

கணக்குத் திறந்த அன்றே, ஃபங்ஷன் எழுதுமுன்பே, பட்ஜெட் எச்சரிக்கை போடுங்கள். ஒரு ஃபோல்டரில் ஃபைல் வந்தால் ஓடும் ஃபங்ஷன் அதே ஃபோல்டரில் ஃபைல் எழுதினால், அது தன்னையே திரும்பத் திரும்ப எழுப்பும். எழுதுவதற்கு எப்போதும் வேறு ஃபோல்டர்.

கிளவுட் கணக்கு முதலாளியின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும். உங்களுக்கு வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் போதும். பழைய கோடில் டேட்டாபேஸ் கடவுச்சொல் நடுவில் எழுதியிருக்கும். அதைப் புதுக் கோடுக்கு எடுத்து வராமல், சேவையின் இரகசியப் பெட்டகத்தில் வையுங்கள். அடையாள அட்டை இலக்கமும் கைபேசி இலக்கமும் மேலே போகும்போது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்பப் பெயரும் கைபேசி இலக்கமும் போதும் என்றால் அடையாள அட்டை இலக்கம் கடையிலேயே இருக்கட்டும்.

மாறும் நாள்

பழையதும் புதியதும் குறைந்தது ஒரு முழு மாதம் சேர்ந்து ஓடட்டும். மாதக் கடைசிக் கணக்கு அதற்குள் வர வேண்டும். ஒவ்வொரு இரவும் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டு, சதம் பிசகினாலும் அன்றைக்கே காரணத்தைத் தேடுங்கள். தள்ளிப்போட்டால் எந்தப் பில் என்று பிடிக்க முடியாது.

நாளைத் தெரிவு செய்யும்போது கடையின் வருடத்தைப் பாருங்கள். ஆலையென்றால் பெரும்போக அறுவடை வரும் பெப்ரவரி, மார்ச்சில் கை வைக்காதீர்கள். சிறுபோகம் வெட்டும் ஓகஸ்ட் அளவிலும் வேண்டாம். மே, ஜூன் நல்ல காலம்: மழையும் இல்லை, நிதியாண்டும் மார்ச் 31 உடன் முடிந்திருக்கும். காத்தான்குடி, மருதமுனைத் துணிக்கடைகளில் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாக மாற்றுங்கள். முதலில் இரவுச் சுருக்கம், அப்புறம் எஸ்.எம்.எஸ்., அப்புறம் கடன் மீதி, கடைசியில் கொள்முதல் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பழைய வழிக்குத் திரும்ப ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். கடைக் கணினியில் ஒரு செட்டிங் வரி போதும். அதை எப்படி மாற்றுவது என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, காசாளரைக் கொண்டே ஒரு தடவை செய்ய வைத்துப் பாருங்கள்.

எல்லாம் மாறிய பிறகும் பழைய மென்பொருளை அழிக்காதீர்கள். அது ஓடும் விண்டோஸை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினாக எடுத்து, அக்சஸ் ஃபைலை வாசிக்க மட்டும் முடியும்படி பூட்டி, இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று கடையில், மற்றது வெள்ளம் ஏறாத ஒரு மாடி வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து, ஏதாவது ஒரு பழைய பில்லைத் தேடி அச்செடுத்துப் பாருங்கள்.